குருப்பட்டம் கொடுப்பது யார்? ரேனியஸ் விவகாரமும் திருநெல்வேலி உபதேசியார்களும்

தனியே சபை தொடங்கும் போதகரைப் பார்த்து, ‘இவருக்கு யார் பட்டம் கொடுத்தது?’ என்று கேட்பது திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய வழக்கம். 1835இல் அந்தக் கேள்வி திருநெல்வேலிச் சபையையே இரண்டாகப் பிளந்தது.

கார்ல் ரேனியஸ் (1790–1838) பிரஷ்யர்; லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம் அவரை 1814இல் சென்னைக்கு அனுப்பியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஆங்கிலேயக் குருமார் மிஷன் வேலைக்கு எளிதில் முன்வராத காலம் அது. அதனால் லுத்தரன் குரு என்பது அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

சபைகள் ஊருக்கு ஊர் பெருகியபோதுதான் உறுத்தியது. அவற்றை அன்றாடம் நடத்தியவர்கள் குருப்பட்டம் பெறாத தமிழ் உபதேசியார்கள். ஆனால் திருவிருந்து கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும்; பட்டம் பேராயர் கையால்தான் என்றது சங்கம். தாமும் உடன் குருமாரும் கொடுத்தாலே செல்லும் என்றார் ரேனியஸ். ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைக் கண்டித்து அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் சங்கம் அவரை விலக்கியது. சென்னை தனிப் பேராயம் ஆனதும் அதே ஆண்டில்தான்.

இதை இரண்டு ஐரோப்பியத் தரப்புகளின் கோட்பாட்டுச் சண்டையாக வாசிப்பது போதாது என்பது என் வாதம். விலக்கப்பட்டபின் ஆற்காட்டுக்குப் போய்விட்ட ரேனியஸ் சில மாதங்களில் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்தார். அழைத்தவர்கள் உபதேசியார்கள். சம்பளமும் பள்ளியும் சங்கத்தின் கையில் இருக்க, விலக்கப்பட்டவர் பின்னால் போக அவர்களைத் துணியவைத்தது எது? திருச்சபை ஆட்சிமுறை பற்றிய நூல்களில் அதற்கு விடை கிடைக்காது, நிலத்தில் கிடைக்கும். மதம் மாறியவர்கள் நிலக்காரர்களின் தயவில் குடியிருந்தார்கள். எந்த நேரமும் வெளியேற்றப்படலாம். அவர்களுக்கு மனை வாங்கித் தர 1830இல் ரேனியஸ் தர்ம சங்கத்தை நிறுவினார். அதற்கு முன்பே, 1827இல் டோனா என்ற பிரபுவின் நன்கொடையால் உருவான டோனாவூரும் இதே நோக்கில் வந்த ஊர்தான். பாளையங்கோட்டைச் செமினாரியில் எல்லாச் சாதி மாணவரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று ரேனியஸ் வற்புறுத்தியதையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

என் வாதத்துக்கு ஒரு தடை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தமிழரான ஜான் தேவசகாயம் 1830லேயே பேராயர் கையால் பட்டம் பெற்றார். ஆக, தமிழர் குருவாவதைச் சங்கம் மறுக்கவில்லை. ரேனியஸ் திரும்பி வந்ததால் சபைகள் பிளந்து நின்றன. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க என்னால் முடியாது. ஆயினும் யார் குருவாகத் தகுந்தவர் என்பதைக் கல்கத்தாவில் இருந்த பேராயரையோ லண்டனில் இருந்த சங்கத்தாரையோ விட, கூடவே நடந்தவர்கள் நன்கறிவார்கள் என்ற அவருடைய நம்பிக்கையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை.

1838 ஜூனில் ரேனியஸ் இறந்தார். அவரோடு நின்றவர்கள் மெல்ல மெல்லச் சங்கத்துக்கே திரும்பினார்கள். பட்டம் பேராயர் கையில் நிலைத்தது; வாங்கிய மனைகளில் ஊர்கள் நிலைத்தன.