இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியாச்சு... எந்தப் பாத்திரம் வைக்கலாம்? எந்த பிளக்கில் சொருகலாம்? முழு விளக்கம்

கேஸ் திடீரென தீர்ந்துபோனால் கைகொடுக்கும், வாடகை அறையில் சமைக்க வசதி, அடுப்படியில் அனல் குறைவு என இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவோருக்குப் பல காரணங்கள். ஆனால் வாங்கி வந்த முதல் நாளே பலர் வீட்டில் நடப்பது இதுதான். எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து ஸ்விட்சைப் போட்டால், அடுப்பு சூடாகாமல் 'பீப் பீப்' என்று கத்தும். அடுப்பு ரிப்பேர் என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்களும் உண்டு.

பெரும்பாலும் கோளாறு அடுப்பில் இல்லை, பாத்திரத்தில்தான். அதேபோல இந்த அடுப்பால் வரும் ஆபத்துகளில் பல, அதைச் சொருகும் பிளக் பாயின்ட்டில்தான் ஆரம்பிக்கின்றன. இரண்டையும் விரிவாகப் பார்ப்போம்.

அடுப்பு சூடாகாது, பாத்திரம்தான் சூடாகும்

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்சாரம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி ஓடும்போது, சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகிறது. அதன் மேல் இரும்புத் தன்மை உள்ள பாத்திரத்தை வைத்தால், பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே மின்னோட்டம் தூண்டப்பட்டு அது சூடாகிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை.

சுருக்கமாகச் சொன்னால், இங்கே பாத்திரமும் அடுப்பின் ஒரு பாகம். அது சரியில்லை என்றால் 2,000 வாட் அடுப்பாக இருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட கொதிக்காது.

வீட்டில் இருப்பதில் எது செட் ஆகும்?

இரும்பு தோசைக்கல், இரும்புச் சட்டி: அடி தட்டையாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். ஆனால் எடுத்தவுடன் முழு வாட்டில் வைக்க வேண்டாம். நடுப்பகுதி மட்டும் வேகமாகச் சூடாகி, கல் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு உண்டு. குறைந்த வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். கல் பெரியதாக இருந்தால் ஓரத்தில் தோசை சரியாக முறுகாது. உள்ளே இருக்கும் சுருளின் அகலத்துக்குத்தான் சூடு கிடைக்கும் என்பதே காரணம்.

எவர்சில்வர்: இதில்தான் குழப்பமே. எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. நிக்கல் அதிகம் கலந்த 304 ரக ஸ்டீலில் காந்தம் பொதுவாக ஒட்டாது. 430 ரகத்தில் ஒட்டும். அதனால் விலை உயர்ந்த, கனமான பாத்திரம் வேலை செய்யாமல், சாதாரணமான ஒன்று வேலை செய்வதும் உண்டு.

அலுமினியம், பித்தளை, செம்பு: அப்படியே வைத்தால் சூடாகாது. பழைய அலுமினிய குக்கரும் அலுமினிய இட்லிப் பானையும் இதில் அடங்கும். அடியில் 'இண்டக்‌ஷன் பேஸ்' எனப்படும் இரும்புத் தகடு பதித்த மாடல்கள் மட்டுமே வேலை செய்யும்.

மண்சட்டி, கல்சட்டி, கண்ணாடிப் பாத்திரம்: வேலைக்கு ஆகாது.

ஈயச் சொம்பு: ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இது இண்டக்‌ஷனில் சூடாகாது. 'கன்வர்ட்டர் தட்டு' போட்டு அதன் மேல் வைக்கும் முயற்சியும் வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ரசத்தைக் கொதிக்கவைத்து, கடைசியில் சொம்பில் ஊற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

குழிப்பணியாரக் கல்: இரும்பாக இருந்தாலும் அடி குழிகுழியாக இருப்பதால் சூடு சீராகப் பரவாது. தட்டையான அடி உள்ள இண்டக்‌ஷன் மாடலைத்தான் தேட வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய 3 சோதனைகள்

1. காந்தம்: ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரண காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் அல்ல, அடியில் வைத்துப் பாருங்கள். 'டப்' என்று இறுக்கமாக ஒட்ட வேண்டும். லேசாக ஒட்டி நழுவினால், சூடு குறைவாகத்தான் வரும்.

2. தட்டை அடி: ஒரு ஸ்கேலை அடியில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, சமதரையில் வைக்கும்போது பாத்திரம் ஆடினாலோ வேண்டாம். உருண்டை அடி வாணலியும் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்புக்குச் சரிவராது.

3. அளவு: பல அடுப்புகள் சுமார் 12 செ.மீ.க்குக் குறைவான அடி உள்ள பாத்திரத்தை அடையாளம் காணாது. காபி டம்ளரும் தாளிப்புக் கரண்டியும் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். இண்டக்‌ஷன் பேஸ் குக்கர் வாங்கும்போது, அடியில் பதித்த தகடு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். பாத்திரம் பெரிதாக இருந்து தகடு சின்னதாக இருந்தால், நடுவில் அடிபிடித்து ஓரத்தில் வேகாமல் இருக்கும்.

பிரஷர் குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கன்வர்ட்டர் தட்டு வாங்கலாமா?

பழைய பாத்திரங்களைப் பயன்படுத்த, அடியில் வைக்கும் இரும்புத் தட்டு கடைகளில் விற்கிறார்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் முதலில் தட்டு சூடாகி, பிறகுதான் பாத்திரத்துக்குச் சூடு போகும். நேரமும் மின்சாரமும் வீணாகும். தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் கண்ணாடியும் பாதிக்கப்படலாம்.

வீட்டில் எல்லாமே அலுமினியமும் பித்தளையும்தான் என்றால், எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பைப் பரிசீலிக்கலாம். ஆனால் அதில் மேல்பரப்பே சிவந்து சூடாகும். அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு இருக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

எந்த பிளக்கில் சொருக வேண்டும்?

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். கணக்கு எளிது. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 8.7 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். செல்போன் சார்ஜர், டிவி சொருகும் சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட் மட்டுமே. அதில் இண்டக்‌ஷனை ஓட்டினால் சாக்கெட் சூடாகும், பிளாஸ்டிக் உருகும், கடைசியில் தீப்பிடிக்கவும் கூடும்.

• ஏசி, கீசருக்குப் பயன்படுத்தும் 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட்டில் மட்டுமே சொருகுங்கள்.

• எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் கூடவே கூடாது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக உதவும் அடாப்டரும் வேண்டாம். அடாப்டர் போட்டால் சாக்கெட்டின் தாங்கும் திறன் கூடிவிடாது.

• அதே லைனில் மைக்ரோவேவ், கெட்டில் போன்றவற்றை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டாம்.

• பழைய வீடு, வாடகை வீடு என்றால் வயரின் கனத்தையும் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருப்பது உயிர்காக்கும்.

• பத்து நிமிடம் ஓடிய பிறகு பிளக்கில் கருகல் வாடை வந்தாலோ, சுவரில் உள்ள ஸ்விட்ச் போர்டு சூடாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் ஓடாது. கரண்ட் போனால் சமையல் நிற்கும் என்பதால், கேஸை முழுவதுமாக விட்டுவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெறும் பாத்திரத்தைச் சூடேற்ற வேண்டாம். கேஸ் அடுப்பில் கடாய் காயும்வரை காத்திருக்கும் பழக்கம் இங்கே ஒத்துவராது. நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு 260 டிகிரிக்கு மேல் போனால் சிதையத் தொடங்கும். அதிக வாட்டில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடலாம்.

எண்ணெய் வைத்துவிட்டு நகராதீர்கள். சூட்டை அளக்கும் சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பாத்திரத்தின் அடி வளைந்திருந்தால் உண்மையான சூடு சென்சாருக்குத் தெரியாது. தானாக நின்றுவிடும் என்று நம்பி எண்ணெயை விட்டுப் போவது ஆபத்து. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கை எட்டினால் மின்சாரத்தை நிறுத்தி, தட்டையான மூடியால் மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

குக்கருக்கு முழு வாட் வேண்டாம். முதல் விசில் வந்ததும் வாட்டைக் குறைத்துவிடுங்கள். இண்டக்‌ஷனில் பிரஷர் வேகமாக ஏறும் என்பதால், தண்ணீர் குறைவாக இருந்தால் அடிபிடிக்கும்.

காற்று போக இடம் விடுங்கள். அடியிலும் பின்னாலும் உள்ள ஃபேன் துவாரங்களை மறைக்கும்படி துணி, நியூஸ்பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் அடுப்பை வைக்க வேண்டாம். சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி வையுங்கள். எரியும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். சமையல் முடிந்ததும் ஃபேன் ஓடி நிற்கும்வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றுங்கள்.

கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் அலட்சியம் வேண்டாம். விரிசல் வழியாகப் பாலோ தண்ணீரோ உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள். கனமான தோசைக்கல்லை இழுத்து நகர்த்தாமல் தூக்கி வைத்தாலே பாதிக் கீறலைத் தவிர்க்கலாம்.

கண்ணாடி தொட்டால் சுடும். அடுப்பு தானாகச் சூடாகாவிட்டாலும், பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்கு இறங்கியிருக்கும். ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கண்ணாடி மேல் ஸ்பூன், கத்தி, செல்போன் வைக்க வேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தலாமா?

இயங்கிக்கொண்டிருக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ., அதாவது 2 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் அறிவுறுத்துகிறது. வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், அடுப்பு வாங்குவதற்கு முன்பே இதய மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

சராசரியாக 1,200 வாட்டில் தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால், 60 நாளுக்கு 72 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், கடைசி பில்லில் உள்ள யூனிட்டுடன் இந்த 72-ஐக் கூட்டிப் பாருங்கள். அது உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளினால், பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும்.

அடுப்பு சத்தம் போட்டால் பயப்பட வேண்டுமா?

லேசான ரீங்காரமும் ஃபேன் சத்தமும் இயல்புதான். குறைந்த வாட்டில் பால் காய்ச்சும்போது விட்டு விட்டுக் கொதிப்பதும் கோளாறு அல்ல. பல மாடல்கள் சூட்டைக் குறைக்க, நின்று நின்று ஓடும். ஆனால் ஃபேன் ஓடாமல் இருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, அடுப்பின் வெளிப்புறத்தைத் தொடும்போது சுர்ரென்று ஷாக் தெரிந்தாலோ, மெயினை அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். வீட்டுப் பாத்திரங்களின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்போடு சேர்த்து எவ்வளவு செலவாகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.