பொதுப் பண்டமும் தன்னல மனிதனும்

கடலோரத்து வெளிச்சவீடு கப்பற் சொந்தக்காரனுக்கும் கட்டுமரக்காரனுக்கும் ஒரே ஒளியைத்தான் வீசுகிறது. பணங் கொடாதவனை மட்டும் இருளில் நிறுத்த அதனால் இயலாது. இத்தகைய பண்டங்களையே பொருளியலார் பொதுப் பண்டங்கள் என்பர். இவற்றுக்கு யார், எவ்வளவு கொடுப்பது?

1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் போல் சாமுவெல்சன், தன் தேவை குறைவென்று பொய்யுரைப்பதே தனிமனிதனுக்கு இலாபம் என வாதித்தார். சந்தையின் இயலாமையைக் காட்டுவதே அவர் கருத்து. ஆனால் அக்கட்டுரையில் மனிதர் எவரும் விசாரிக்கப்படவில்லை. இருந்தும், “மக்கள் தாமாகக் கொடார்” என்பது மனித இயல்பு பற்றிய தீர்ப்பாகவே நிலைத்தது. பொதுவானதெதையும் எள்ளி நகைப்போருக்கு நல்லதோர் ஆயுதமுமாயிற்று.

அத்தீர்ப்பை உரைத்துப் பார்க்க முனைந்தவர்களுள் முன்னோடி, சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் பீட்டர் போம். 1969இல் அவர் ஸ்ரொக்ஹோம் நகரவாசிகள் சிலரை ஆளுக்கு 50 குரோனர் கொடுத்து அழைத்தார். அதுவரை ஒளிபரப்பாகாத அரைமணி நேர நகைச்சுவை நிகழ்ச்சியொன்றைக் காண எவ்வளவு தருவீர்கள் என வினாவினார். கூறப்படும் தொகைகள் யாவும் சேர்ந்து செலவை ஈடுசெய்தால் நிகழ்ச்சி காட்டப்படும். ஒரு குழுவினர் தாம் கூறியதை அப்படியே செலுத்த வேண்டும்; வேறொரு குழுவினர் 5 குரோனர் மட்டும்; இன்னொரு குழுவினர் ஒன்றுமே செலுத்த வேண்டியதில்லை. கோட்பாட்டின்படி முதற் குழுவினர் குறைத்தும், இறுதிக் குழுவினர் கூட்டியும் பொய்யுரைத்திருக்க வேண்டும். 1972இல் வெளியான முடிவோ, இக்குழுக்களின் சராசரித் தொகைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. நிகழ்ச்சியும் இன்றிப் பணமும் இன்றி, வெறும் கற்பனையாக வினாவப்பட்டவர்களே கூடுதலாகக் கூறினர். வாய்ப்பேச்சின் தாராளம் எங்கும் ஒன்றே போலும்!

1981இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மார்வெல், ஏம்ஸ் என்போர் வெளியிட்ட பரிசோதனைகளில், பொது நிதிக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதம் வரை வழங்கப்பட்டது. பொருளியல் பட்டமேற்படிப்பு மாணவர் மட்டும் 20 சதவீதமே வழங்கினர். பாடம் மனிதரை அவ்வாறு ஆக்கிற்றா, அத்தகையோரே அப்பாடத்தைத் தேர்ந்தனரா என்பதை அப்பரிசோதனை சொல்லவில்லை.

முற்போக்காளராகிய நாம் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது நேர்மையன்று. ஒரே குழு மீண்டும் மீண்டும் ஆடும்போது கொடை படிப்படியாகத் தேய்வதைப் பிந்திய பரிசோதனைகள் காட்டின. மனிதர் பிறவியிலேயே தியாகிகள் என்ற நம்பிக்கையும் கற்பிதமே.

தேய்வு எப்போது தடைப்படுகிறது என்பதே எமக்கு வேண்டிய வினா. பின்னாளில், 2009இல், பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ரம், வோக்கர், கார்ட்னர் ஆகியோருடன் 1992இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவளம் ஒன்றை பலர் பயன்படுத்தும் நிலையை ஆராய்ந்தது. ஒருவரோடொருவர் பேச வழியில்லாதபோது அவ்வளத்தை அவர்கள் பாழாக்கினர். பேச்சின்றித் தண்டிக்கும் அதிகாரம் மட்டும் வழங்கப்பட்டபோது, ஆதாயத்தைத் தண்டனைச் செலவே விழுங்கிற்று. முகம் பார்த்துப் பேசித் தாமே விதியையும் தண்டனையையும் வகுத்துக்கொண்ட குழுக்களே மிகுந்த பயன் பெற்றன. அத்தண்டனையை எடுத்தாள வேண்டிய தேவையும் அவர்களுக்கு அரிதாகவே நேர்ந்தது.