டீர்ஃபீல்டின் ஓட்டைக் கதவு

அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களுக்குக் கூட சொந்தமாக ஒரு வரலாற்றுச் சங்கமும் அருங்காட்சியகமும் இருக்கும். பழைய ராட்டை, துருப்பிடித்த துப்பாக்கி, யாரோ ஒரு பாட்டியின் தொப்பி என்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டீர்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கும் முக்கியமான பொருள், நடுவில் ஓட்டை விழுந்த ஒரு கதவு!

முதலில் கதவின் கதை. 1704 பிப்ரவரி 29, விடியற்காலை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்த காலம். கனடாவிலிருந்து பனியில் நடந்தே வந்த பிரெஞ்சுக்காரர்களும் அபெனாகி, மோஹாக், வெண்டாட் முதலிய பூர்வகுடிகளும் சேர்ந்து ஊரைத் தாக்கினார்கள். சுமார் 50 பேர் இறந்தார்கள். 112 பேர் கைதிகளாகக் கனடாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஜான் ஷெல்டன் என்பவரின் வீட்டுக் கதவு இரட்டைப் பலகையில் ஆணி அறைந்து செய்தது. உடைக்க முடியவில்லை. கோடாரியால் கொத்தி ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியே சுட்டதில் ஷெல்டனின் மனைவி ஹன்னா இறந்தார் என்பது ஊர் வழக்கு. ஷெல்டன் பிறகு கைதிகளை மீட்க மூன்று முறை கனடா போய் வந்தார்.

அந்த வீடு 1848இல் இடிக்கப்பட்டது. காப்பாற்றச் சிலர் நிதி திரட்டிப் பார்த்தும் நடக்கவில்லை. கதவு மட்டும் தப்பியது. இடையில் வெளியூர்க்காரர் ஒருவர் கைக்குப் போய், 1868இல் ஊருக்குத் திரும்பியது. இரண்டே வருடத்தில், 1870இல், ஜார்ஜ் ஷெல்டன் (ஆமாம், அதே குடும்பத்து வாரிசு!) போகம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1880இல் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் அதன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழங்காலச் சமையலறை ஒன்றை அப்படியே ஓர் அறையாக அமைத்திருந்தார்கள். அமெரிக்க அருங்காட்சியகங்களில் இப்படிச் செய்த முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று.

இனிதான் விஷயமே. சங்கத்தின் பெயரில் இருக்கும் போகம்டக் என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். ஆனால் உள்ளே, இறந்தவர்களுக்கும் கைதிகளுக்கும் வைத்த பளிங்குப் பலகைகளில் பூர்வகுடிகள் காட்டுமிராண்டிகளாகத்தான் வருகிறார்கள். கைதியாகப் போன ஒரு பெண்ணைப் பற்றி, காட்டுமிராண்டியை மணந்து தானும் அப்படியே ஆனாள் என்கிற மாதிரி பொறித்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் ஷெல்டனை வெறும் வெறுப்பாளர் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. டீர்ஃபீல்டில் கறுப்பினத்தவர் அடிமைகளாக இருந்ததைப் பற்றி 1890களிலேயே எழுதியவர் அவர். 1667இல் சௌக் என்ற பூர்வகுடித் தலைவர் நிலத்தை எழுதிக் கொடுத்தபோது மீன் பிடிக்க, மான் வேட்டையாட, கொட்டைகள் பொறுக்க உரிமை வைத்துக்கொண்டார். அந்தப் பத்திரத்தையும் ஷெல்டன் தன் ஊர் வரலாற்றில் அச்சிட்டார். ஆவணம் கையில் இருந்தது. ஆனாலும் அவர்களை மறைந்துபோன இனமாகவே எழுதினார். அபெனாகி வழிவந்த ஆய்வாளர் மார்கரெட் புருஷாக் இதைத்தான் விரிவாக எடுத்துக் காட்டினார். கதவைக் காப்பாற்றியவர், ஓட்டையை வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்கம் பிற்காலத்தில் பலகைகளைப் பெயர்த்து எறியவில்லை. சிலவற்றின் மேல் திருத்திய வாசகங்களை வைத்தது. 300ஆம் ஆண்டான 2004இல் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மோஹாக், வெண்டாட், அபெனாகி என ஐந்து தரப்பின் பார்வையிலும் அந்தத் தாக்குதலை இணையத்தில் விளக்கியது. எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது. பலகையை எடுத்துவிட்டால், முன்பு என்ன எழுதியிருந்தார்கள் என்பதே தெரியாமல் போயிருக்குமே?

கைதிகளில் ஒருத்தி யூனிஸ் வில்லியம்ஸ், ஊர்ப் பாதிரியாரின் மகள். அப்போது அவளுக்கு வயது 7. மோஹாக் குடும்பத்தில் வளர்ந்து, அங்கேயே மணந்து, எவ்வளவு அழைத்தும் திரும்பி வந்து வாழ மறுத்தவள். 1837இல் அவள் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட அபெனாகிகள் கனடாவிலிருந்து டீர்ஃபீல்டுக்கு வந்தார்கள். வில்லியம்ஸ் குடும்பத்தின் கல்லறைகளைப் பார்த்தார்கள். தேவாலயத்தில் அவர்களுக்காகவே ஒரு பிரசங்கம் நடந்தது. அப்போது ஷெல்டன் வீடு இடிபடாமல்தான் இருந்தது.