ராஜா கல் சுமந்தாரா?

(ஆஸ்திரேலிய நீலமலையில் ஒரு வரலாற்று நடை)

— முன்னாள் வரலாற்றுத் துறை மாணவன், 1977 செட்

1976-ல் நம் வரலாற்றுத் துறை செஞ்சிக்கு டூர் போனது 77 செட் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராஜகிரிக் கோட்டையில் பாதி ஏறியதும் எல்லோரும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். புரொபசர் கேட்டார்: "ஏன்டா, இந்தப் படியெல்லாம் யார் கட்டினது?" முன்வரிசைப் பையன் ஒருவன், "தேசிங்கு ராஜா, சார்!" என்றான். சார் சிரித்தார். "ராஜா கல் சுமந்தாராடா?"

எல்லோரும் சிரித்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கடல் கடந்து, சிட்னி பக்கத்தில் ஒரு மலை விளிம்பில் என்னை மறுபடி பிடித்துக்கொண்டது. அந்தக் கதைதான் இது.

ரிடையர் ஆனபின் மகன் வீட்டுக்கு சிட்னி போயிருந்தேன். அங்கிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் 'ப்ளூ மவுண்டன்ஸ்'. நீலகிரி என்றாலும் பொருள் அதுதானே! யூகலிப்டஸ் காட்டின் எண்ணெய் ஆவி காற்றில் கலந்து, வெளிச்சம் சிதறி, தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது என்கிறார்கள். நம் ஊட்டியில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்துக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாதான்.

வென்ட்வொர்த் ஃபால்ஸ் என்ற ஊரில் ரயில் நிற்கிறது. அருவிப் பக்கமிருந்து புறப்பட்டு, மலை விளிம்போடு நடந்து, வேறு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். என்னைப் போல நின்று நின்று போனால் அரை நாள். 'அண்டர்கிளிஃப்', 'ஓவர்கிளிஃப்' என்று பாதைக்குப் பெயர். சில இடத்தில் தலைக்கு மேல் பாறை குடை பிடிக்கும், நீர் சொட்டும். சில இடத்தில் காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. வழியெல்லாம் வியூ பாயிண்ட்கள். கீழே ஜேமிசன் பள்ளத்தாக்கு, கண்ணுக்கு எட்டியவரை காடு.

1836 ஜனவரியில் சார்லஸ் டார்வின் இங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 26. 'வெதர்போர்டு' என்ற சத்திரத்தில் தங்கி, ஓடைக் கரையோடு நடந்து, திடீரென்று மலை விளிம்பில் வந்து நின்றார். இவ்வளவு பெரிய பள்ளத்தைச் சின்ன ஓடைகள் அரித்திருக்க முடியாது, கடல்தான் அரித்திருக்க வேண்டும் என்று நினைத்தார். அது தவறு. இந்த மணற்பாறை சுமார் 24 கோடி ஆண்டுப் பழமை. அதற்கு இடையிலும் அடியிலும் மெதுவான களிப்பாறை. தண்ணீர் களிப்பாறையை அரிக்க அரிக்க, மேலே உள்ள பாறை பிடிப்பில்லாமல் செங்குத்தாகப் பிளந்து விழுகிறது. ஓடைகளே கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்த வேலை. டார்வினே தப்பு விட்டிருக்கிறார், பரீட்சையில் நாம் விட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். அவர் நேரில் நடந்து பார்த்துவிட்டுத் தப்பு விட்டார், தம்பிகளே!

இனி பெயர்களுக்கு வருவோம். 1813 மே மாதம் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் ஆகிய மூவர் 21 நாளில் இந்த மலைக்கு வழி கண்டார்கள் என்று அந்த ஊர் பாடப் புத்தகங்கள் சொல்லும். கூடவே நான்கு வேலையாட்களும் போனார்கள். அதைவிட முக்கியம், இந்த மலையை தாருக், குண்டுங்கரா மக்கள் காலங்காலமாகக் கடந்துகொண்டிருந்தார்கள். எதிரே தெரியும் கிங்ஸ் டேபிள்லேண்ட் மேட்டில் சுமார் 22,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது. வழி தெரியாமல் இருந்தவர்கள் புதிதாக வந்தவர்கள்தான்.

1814 ஜூலையில் வில்லியம் காக்ஸ் ரோடு போட ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் சுமார் 160 கிலோமீட்டர். வேலை செய்தவர்கள் 30 கைதிகள். முடித்தால் விடுதலை என்ற ஆசையில் காட்டை வெட்டினார்கள். அதற்குப் பெயர் 'காக்ஸ் ரோடு'.

1867-ல் ரயில் வந்தது. பிறகு சிட்னி மக்கள் காற்று வாங்க மலையேறினார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாதைகள். பிரின்ஸஸ் ராக் வியூ பாயிண்டில் நின்று பார்த்தால், எதிர்ப் பாறைச் சுவரின் நடுவில் ஒரு கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டில் எறும்பு போல ஆட்கள் நடப்பார்கள்! அதுதான் 'நேஷனல் பாஸ்'. 1906–07 வாக்கில் 'ஐரிஷ் பிரிகேட்' என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு கோஷ்டி, கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்து, களிப்பாறை விட்டுக்கொடுத்த இடுக்கை அகலமாக்கி, பாறையிலேயே படி வெட்டியது. மேலும் பாறைச் சுவர், கீழும் பாறைச் சுவர். எனக்குப் பார்க்கவே கால் கூசியது.

சுற்றுமுற்றும் உள்ள பெயர்களைப் பாருங்கள்: வென்ட்வொர்த், ஜேமிசன், குயின் விக்டோரியா, எம்ப்ரெஸ். ராணி கல் சுமந்தாராடா?

நடப்பவர்களும் இந்த மலைக்கு நல்லது செய்திருக்கிறார்கள். 1927-ல் 'சிட்னி புஷ் வாக்கர்ஸ்' சங்கம் தொடங்கியது, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளத்தாக்கில் புளூ கம் மரக்காடு ஒன்றை ஒருவர் வெட்டப் போகிறார் என்று 1931-ல் தெரிந்ததும், நடைக்காரர்கள் 130 பவுன் திரட்டிக் கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். 1959-ல் தேசியப் பூங்கா. 2000-ல் உலகப் பாரம்பரிய இடம். ஆனால் 1957-ல் பக்கத்து ஊர் கட்டூம்பாவில் கார் பந்தயத் திடலுக்காகப் பூர்வகுடி மக்களைக் குடிசையிலிருந்து கிளப்பியதும் இதே மலையில்தான். மரத்துக்குக் கிடைத்த இரக்கம் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

அழகில் மயங்கி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்த அருவிக்குக் கீழே உள்ள பாதையில் சரிவு ஏற்பட்டு, விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தில் இருவர் உயிரிழந்தார்கள்.

அன்று திரும்பும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பேரன், "தாத்தா, கால் வலிக்குதா?" என்றான். கால் வலி இல்லை. 32 வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ராஜாக்கள் பெயர், போர், ஆண்டு எல்லாம் போர்டில் எழுதிப் போட்டேன். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் சார் செஞ்சியில் கேட்ட கேள்வியை ஒரு நாள்கூட என் வகுப்பில் நான் கேட்கவில்லை. சார் இன்று இல்லை. அவரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.

அதனால் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். நம் மெயின் பில்டிங் வாசலில் கல்வெட்டு இருக்கிறது. அடிக்கல் நாட்டியவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் எல்லாம் உண்டு. மூன்று வருஷம் அதன் எதிரில் உட்கார்ந்து அரட்டை அடித்தவர்கள் நாங்கள். அந்தக் கருங்கல் படிகளைக் கொத்தியவர்கள் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? கூலி என்ன? அவர்கள் பேரப்பிள்ளைகளில் யாராவது நம் கல்லூரியில் படித்தார்களா? பழைய ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள், சுற்றுக் கிராமத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். கிடைப்பதை அடுத்த மலரில் எழுதுங்கள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக, சாருக்கு நம் துறை சொல்லும் பதிலாக அது இருக்கட்டும்.