எழுத்துக்குப் பூட்டுப் போடலாமா?



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடைபெற்றபோது, மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். மகளுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்க ஜொகூர் பாருவில் கடைகடையாக ஏறி இறங்கியிருந்தார். “டீச்சர், கட்டுரை எழுதுகிற மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். சும்மா கிடைப்பதும் இருக்கிறதாம். சும்மா கிடைப்பது உருப்படியாக இருக்குமா?” என்றார்.

நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி, ஜொகூர் பாலத்துக்கு அப்பால், நம் உறவினர் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரில் நடந்தது. அதையே இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில், மென்பொருள் என்றால் என்ன? கணினியும் கைத்தொலைபேசியும் தாமாக எதையும் செய்வதில்லை. இன்னதை இன்ன முறைப்படி செய் என்று மனிதர் எழுதிவைத்த கட்டளைகளின்படிதான் அவை இயங்குகின்றன. அந்தக் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். சமையலுக்குச் செய்முறை எப்படியோ, கணினிக்கு மென்பொருள் அப்படி.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மசாலா அரைத்துக் கொடுத்த மில்களை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மிளகாயும் மல்லியும் நாமே கொண்டுபோவோம். கண்முன்னே அரைத்துத் தருவார்கள். காரம் கூடினால் அடுத்த முறை மிளகாயைக் குறைத்துக்கொள்வோம். கடையில் பொட்டலமாக விற்கும் மசாலாத் தூள் வேறு வகை. சுவையாக இருக்கும், நேரமும் மிச்சம். ஆனால் என்ன அளவில் எது சேர்ந்தது என்பது உற்பத்தியாளருக்கே தெரியும். விலைக்கு விற்கும் மென்பொருள் பெரும்பாலும் பொட்டலத் தூளைப் போன்றது. அதன் செய்முறை மூடி வைக்கப்பட்டிருக்கும். செய்முறையை யாவரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தந்தால் அது திறமூல மென்பொருள்.

இந்த இரண்டு கட்சிகளும் எப்படித் தோன்றின? 1976-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பில் கேட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தம் குழு உழைத்து உருவாக்கிய மென்பொருளைப் பலர் பணம் கொடுக்காமலே நகலெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். உழைப்புக்கு ஊதியம் இல்லையென்றால் நல்ல வேலையை யார் செய்வார் என்பது அவர் வாதம். தோட்டத்தில் வியர்வை சிந்திய நமக்கு இந்த வாதம் புரியாததன்று. செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் என்ன குற்றம்?

மறுபக்கத்தைப் பாருங்கள். அதே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றினார். அங்கிருந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய பொறியில் அவர் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கியவுடன் எல்லாருக்கும் தகவல் போகுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கும் அப்படிச் செய்ய விரும்பி அதன் செய்முறையைக் கேட்டார். தர மறுத்துவிட்டார்கள். பழுதைச் சரிசெய்யக் கைவந்தவர் பக்கத்திலேயே இருந்தும் பழுது பழுதாகவே நின்றது. 1983-இல் அவர், எவரும் படித்துத் திருத்திப் பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருளுக்கான இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதை எழுதி உலகுக்குத் திறந்துவிட்டார். நம்மில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியின் உட்கருவாக இன்று இயங்குவது அந்த லினக்ஸ்தான்.

இனி நம் தமிழுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா, 1907-இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். 1930 வரை வணிக நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தார். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைக் கண்ட அவர், தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் வழியைத் தேடினார். அவர் வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு வெளிவந்தது. அந்தப் பொறியை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதில் அடித்த கடிதத்தைப் படிக்க யாருக்கும் பொறி தேவையில்லை. தாளில் விழுந்த எழுத்து எல்லாருக்கும் பொதுவாயிற்று.

கணினியில் நிலைமை அப்படியில்லை. கணினிக்கு ‘அ’ என்றும் ‘க’ என்றும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கு 1960-களிலேயே பொதுப் பட்டியல் ஒன்று வகுத்துவிட்டார்கள். தமிழுக்கோ, மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். லயத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் எண் வீட்டில் இந்தத் தோட்டத்தில் ஒரு குடும்பம், அடுத்த தோட்டத்தில் வேறொரு குடும்பம். தோட்டத்தின் பெயர் தெரியாமல் பன்னிரண்டு என்று மட்டும் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு மென்பொருளில் எழுதிய தமிழ், இன்னொன்றில் புள்ளியும் கோடுமாய்ச் சிதறிக் கிடந்ததற்குக் காரணம் இதுவே.

இந்தக் குழப்பத்தினூடேதான் 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் கொண்ட இணையத் தளம் ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழும் தன் எழுத்திலேயே தோன்றியது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு. அந்தத் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். ‘கணியன்’ என்று தம் தமிழ்க் கணினி முறைக்குப் பெயரிட்டார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் டான் டின் வீ முதலியோர் அவருடன் உழைத்தனர். தமிழுக்காகச் சீனரும் கைகொடுத்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1997 மே மாதம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு ஒன்று கூடியது. அக்காலத்தில் தமிழ்க் கணினிக்கு உழைத்தவர்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நம் மலேசியாவின் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். அது வணிகப் பொருள். ஆயினும் மின்னஞ்சலில் தமிழ் எழுத அவரே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளின் இலவசப் பதிப்பையும் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே அளித்தார். 1998-இல் பழந்தமிழ் நூல்களை எல்லாருக்கும் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். விலைக்கு விற்றவரும், இனாமாகக் கொடுத்தவரும், இரண்டையும் செய்தவரும் தமிழில் இருந்தார்கள்.

எல்லாருக்கும் இருந்த இடர் ஒன்றே: எழுத்தின் எண்கள் ஒத்துப்போகவில்லை. தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ஒரு பொதுப் பட்டியலை வகுத்தார்கள். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு வேறு இரு பட்டியல்களையும், ‘தமிழ்99’ என்ற விசைப்பலகையையும் ஏற்றது. அந்த ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது, ‘உத்தமம்’ என்று சுருக்கமாக வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் பட்டியலாகிய யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 என்னும் விலை மென்பொருள் அதன்படி தமிழைக் காட்டியது. ‘எ-கலப்பை’ போன்ற இலவசக் கருவிகள் அதன்படி தமிழை எழுத உதவின. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று சிங்கப்பூரில் எழுதியது நம் தோட்டத்தில் தெரிகிறதென்றால் காரணம், எண்பட்டியல் எவர் ஒருவருடைய சொத்தாகவும் இல்லாமல் பொதுவாக இருப்பதே.

நேயர்களே, இது ஏட்டு வரலாறு மட்டுமன்று. என் வாழ்விலும் வந்து மோதியது. 2001-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, நான் பிறந்த தோட்டத்தின் முதியவர்கள் பன்னிருவரிடம் அவர்கள் கதையைக் கேட்டு எழுதினேன். கப்பலில் வந்தது, பால்மரம் வெட்டியது, ஜப்பான்காரன் காலத்தில் பட்டது எல்லாம் அதில் இருந்தன. விலைக்கு வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில் அவற்றை அச்சடித்து வட்டில் சேமித்தேன். ஏழு பேர் கதையை மட்டும் தாளில் எடுத்தேன். பத்தாண்டுகள் கழித்து வட்டைத் திறந்தபோது ஓர் எழுத்தும் தெரியவில்லை. அந்த மென்பொருள் விற்பனையில் இல்லை. செய்தவர்களும் தொழிலை விட்டுவிட்டார்கள். பரவலாக வழங்கிய பழைய எழுத்துருக்களை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருந்தன. என்னுடையது அவற்றுக்குள் அடங்கவில்லை. முதியவர்களோ ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனைத் தேக்கா சந்தையில் சந்தித்தேன். தேநீர் குடித்துக்கொண்டே இதைச் சொன்னேன். “டீச்சர், அந்த ஏழு பேர் கதையும் வட்டிலும் இருக்கிறது, தாளிலும் இருக்கிறது அல்லவா? அது போதும்” என்றான். தாளையும் வட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எண் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டான். அந்தப் பட்டியலைக் கொண்டு மீதி ஐந்தில் நான்கு கதைகளை மீட்டுத் தந்தான். ஐந்தாவது கோப்பு வட்டிலேயே கெட்டுப் போயிருந்தது. அது சயாம் மரண ரயில் வேலைக்குப் போய் உயிரோடு திரும்பிய ஒரு தாத்தாவின் கதை. முதன்முதலில் நான் திறந்த அன்றே எழுத்து தெரிந்திருந்தால், அதுவும் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

நான் அந்த மென்பொருளுக்குப் பணம் கொடுத்ததில் தவறில்லை. செய்தவர்கள் விலை கேட்டதிலும் தவறில்லை. என் முதியவர்களின் சொற்களைத் திறக்கும் சாவி அவர்களிடம் மட்டும் இருந்ததே தவறு. அவர்கள் கடையை மூடியபோது, என் தோட்டத்துக் கதையும் உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். மென்பொருள் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இதில் என் பிள்ளை எழுதுவதை வேறு கணினியிலும் திறக்க முடியுமா? யூனிகோடு தமிழா என்று கேட்டால் கடைக்காரருக்கு விளங்கும். இரண்டு, செய்தவர் நாளை இல்லாமல் போனால் இதைப் பழுதுபார்க்க வேறு எவராலும் முடியுமா? திறமூல மென்பொருளின் பெரும் பலம் இதுவே. கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் ‘லிப்ரே ஆபிஸ்’ என்ற திறமூல மென்பொருள் உண்டு. அதற்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். மூன்று, இலவசம் என்றால் எதற்குப் பதிலாக இலவசம்? கைத்தொலைபேசியில் சும்மா கிடைக்கும் செயலிகள் எல்லாம் திறமூலம் அல்ல. சில விளம்பரத்தாலும், சில நம் விவரங்களைத் திரட்டியும் பிழைப்பவை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். விலை மென்பொருளை நகலெடுத்துச் சில வெள்ளிக்கு விற்பது இலவசம் அன்று, களவு. அடுத்தவர் வெட்டிய பாலை நம் வாளியில் ஊற்றிக்கொள்வதை நாம் ஏற்போமா?

பணம் கொடுத்து வாங்குவது நல்லதா, சும்மா கிடைப்பது நல்லதா என்பது அவரவர் தேவையையும் கைப்பணத்தையும் பொறுத்தது. கருவிக்கு விலை இருக்கலாம். ஆனால் எழுதிய எழுத்து எழுதியவருக்கே உரியது. அதற்கு இன்னொருவர் பூட்டுப் போட இடம் கொடுக்கலாகாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பிள்ளை அதை எழுதட்டும். கணினியிலும் எழுதட்டும், தாளிலும் ஒரு படி எடுத்து வைக்கட்டும்.