ஓதற்பிரிவும் அமெரிக்க விசாவும்

கல்வியின் பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்லுதலையும் பிரிவு வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறுகிறது. அங்ஙனம் பிரிந்தவன் மூன்று யாண்டினைக் கடத்தலாகாது என அதன் கற்பியல் வரம்பும் இடுகிறது. தம்பானூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பொறியியல் பட்டம் பெற்ற மகனோ மகளோ அமெரிக்கா செல்வது இன்று புதுமையன்று. படிப்பு முடிந்தபின் அங்கே தொழில் புரிய இசைவு கிட்டுமா என்பதே பெற்றோரின் கவலை. வாங்கிய கல்விக்கடன் அடைய வேண்டுமல்லவா! அவ்விசைவு வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1917ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை விலக்கப்பட்ட நிலப்பகுதியாக்கிற்று. இந்தியாவும் அதனுள் அடங்கியது. எனினும் மாணவர், ஆசிரியர், வேதியியலார், கட்டடப் பொறியாளர் முதலியோர்க்கு அச்சட்டமே விதிவிலக்கும் அளித்தது. கூலிக்கு உழைப்பவனுக்குக் கதவு அடைபட்டது. கற்றவனுக்கு ஒரு சாளரம் திறந்திருந்தது. ஆனால் நுழைவது வேறு, உரிமை பெறுவது வேறு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் அந்நாட்டுக் குடிமகனாகவியலாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். விண்மீன்களின் வாழ்வையும் மறைவையும் கணித்த அப்பேரறிஞருக்கும் குடியுரிமை கோரச் சட்டம் அன்று இடந்தரவில்லை. 1946இல் வந்த சட்டம் அத்தடையை நீக்கியது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடிபுகலாம் என்றும் கூறிற்று. நாற்பது கோடி மக்களுக்கு நூறு இடம்! சந்திரசேகர் 1953இல் குடிமகனானார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

தம்பானூரினின்று நடந்தே சென்றடையக்கூடிய பல்கலைக்கழகக் கல்லூரியில், அது மகாராஜா கல்லூரி எனப்பட்ட நாளில், விலங்கியல் பயின்றவர் கும்பகோணத்தில் பிறந்த மா. சா. சுவாமிநாதன். கேம்பிரிட்ஜில் 1952இல் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் ஆய்வு செய்த அவருக்கு அங்கேயே ஆசிரியப் பதவி அளிக்க முன்வந்தனர். அதனை மறுத்து 1954இல் தாயகம் மீண்டார். அவர் மீண்டதனால் விளைந்த பயனை நம் வயல்கள் அறியும். ஆயினும் தங்கியவரைப் பழிக்க நாம் ஒருப்படோம். மீண்டவர்க்கெல்லாம் இங்கே ஆய்வுக்கூடம் காத்திருந்ததா?

1952ஆம் ஆண்டுச் சட்டமே எச்-1 என்னும் தற்காலிகப் பணி விசாவைத் தோற்றுவித்தது. தாயகத்து உறைவிடத்தைக் கைவிடும் எண்ணம் இல்லாதவர்க்கே அது உரியதாயிருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. நம் மருத்துவரும் பொறியாளரும் பெருந்திரளாகக் குடிபுகுந்தது அதன் பின்னரே. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் எச்-1பி என்னும் வகை பிறந்தது. ஆண்டு வரம்பு 65,000. அங்கேயே முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000 இடங்களை 2004ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. எச்-1பி பெறுபவர் நிலையாகத் தங்க விரும்புவது குற்றமன்று எனவும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. மாணவர் விசா கோருபவரோ திரும்பி வருவேன் என்றே இன்றும் உறுதி கூற வேண்டும். படிவங்களோடு காலங்கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு இம்முரண் நன்கு புலப்படும்: முதற் படிவத்தில் மறுக்க வேண்டிய எண்ணத்தை அடுத்த படிவம் பொறுத்துக்கொள்கிறது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது படிப்புக்குப் பிந்திய செயல்முறைப் பயிற்சி. அனைவர்க்கும் 12 மாதம்; அறிவியல், பொறியியல், கணிதம் பயின்றோர்க்கு 2008இல் மேலும் 17 மாதம் கூட்டினர்; 2016இல் அதனை 24 ஆக்கினர். ஆக 36 மாதம். தொல்காப்பியர் இட்ட வரம்பும் மூன்று யாண்டே! அதற்குள் எச்-1பி கிட்டாவிடின், மீண்டும் கல்லூரி அல்லது விமானம். விண்ணப்பங்கள் வரம்பைக் கடந்த ஆண்டுகளில் குலுக்கலே பலரின் விதியை முடிவு செய்தது. 2025 செப்டம்பரில் வெளியான ஆணையோ, வெளிநாட்டிலிருப்போர்க்காகச் செய்யப்படும் புதிய விண்ணப்பத்திற்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது.

எச்-1பி கிட்டினாலும் பொதுவில் ஆறாண்டே தங்கலாம். நிலையுரிமைக்கு மனு ஏற்கப்பட்டவர் நீட்டிப்புப் பெற்றுக் காத்திருக்கலாம். அவ்வுரிமையிலும் எந்நாட்டினர்க்கும் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் இல்லையென்பது விதி. ஆதலின் இந்தியரின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. இங்கே பிறந்து கைக்குழந்தையாக உடன் சென்ற பிள்ளைகள், சட்டக்கணக்கில் 21 வயதை எட்டியதும் பெற்றோரின் வரிசையினின்று நீங்கிவிடுகின்றனர். அங்கேயே வளர்ந்த அவர்கள், திரும்பி வருவோம் என்று உறுதி கூறித் தாமும் மாணவர் விசா கோருகின்றனர்.