பிரெஞ்சுக் கணப்பு மேடைக் கடிகாரம்

குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் மேல்மேடையில் வைப்பதற்காக, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பிரான்சில் பெருகிய ஊசல் கடிகாரம். பொன்முலாமிட்ட வெண்கலம், சலவைக்கல், கரும்பலகைக்கல், பீங்கான் எனக் கூட்டின் பொருளால் வகைப்படும். உள்ளிருப்பது பெரும்பாலும் வட்டத் தகடுகளுக்கிடையே அமைந்த பாரிஸ் இயந்திரம். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், மணிக்கும் அரைமணிக்கும் அடிக்கும்.

காலத்தைக் கணிக்கக் கூட்டைவிட இயந்திரமே நம்பத்தக்க சான்று. லூயி மன்னர்காலப் பாணிகள் 19ஆம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டதால் அலங்காரம் ஏமாற்றும். முகப்பிலுள்ள பெயரும் பல நேரம் விற்றவருடையதே. பின்தகட்டில்தான் ஜாப்பி சகோதரர்கள், சாமுவேல் மார்ட்டி போன்ற செய்தவர் முத்திரை இருக்கும். அதில் காணும் ஆண்டு, செய்தவர் பொருட்காட்சியில் பதக்கம் பெற்ற ஆண்டு; கடிகாரம் செய்த ஆண்டன்று. 1900 எனப் பொறித்தது அதற்கு முந்தியதல்ல என்பது மட்டுமே உறுதி. இயந்திரமே மாற்றப்பட்டிருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. ஊசல் குண்டிலும் பின்தகட்டிலும் ஒரே வரிசை எண் இருந்து, கூட்டில் புதிய துளைகள் இல்லையெனில் அந்த ஐயம் பெரிதும் குறையும். பழவேற்காடு ஏரிக்கரை போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் எஃகு வில்லும் அச்சு முனைகளும் எளிதில் துருப்பிடிக்கும். ஆகவே வாங்குபவர் முலாமின் பளபளப்புக்கு முன் அவற்றையே சோதிக்க வேண்டும். இந்தியாவில் 100 ஆண்டு கடந்த கடிகாரம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்படக்கூடும். அவ்வாறு உட்பட்டதைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது.